துரை காலம் நல்லா இருந்துச்சு என்கிறார் பாட்டி, பாடப் புத்தகம் வேறு சொல்கிறது

சிப்புட்_பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கிறேன். வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் இடுபணி எழுத வேண்டும். தலைப்பு, ஐரோப்பிய ஏகாதிபத்தியத்தின் காரணங்களும் விளைவுகளும். காரணங்கள் எனக்கு மனப்பாடம்: மூலப்பொருள், சந்தை, நாடுகளுக்கு இடையே போட்டி, தங்கள் நாகரிகம்தான் உயர்ந்தது என்ற எண்ணம். விளைவுகளும் அப்படித்தான், நல்லது ஒரு பக்கம் கெட்டது ஒரு பக்கம் என்று எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் வீட்டில் பாட்டி இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது. பதினான்கு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டத் தொடங்கி நாற்பது வருடம் வெட்டியவர். விடியற்காலை நாலரைக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் மர வரிசையான நிரைக்குப் போவாராம். இப்போதும் அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். வலது தோளில் பால் வாளிகளைச் சுமக்கும் காண்டாக் கம்பு உட்கார்ந்த இடம் மேடு தட்டிப்போய் இருக்கிறது, தொட்டால் கல் மாதிரி. அவரிடம் இடுபணியைப் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் யாரு சொன்னா? தொர காலத்துல நல்லாத்தான் இருந்துச்சு. ஒடம்புக்கு முடியலன்னா டிரெசர் வந்து பாப்பாரு, வீட்டுக்கு வாடகை கிடையாது, தண்ணிக்குக் காசு கிடையாது, திருவிழாவுக்கு தொர பணம் கொடுப்பாரு. அதுக்கப்புறந்தான் எல்லாம் போச்சு" என்றார். துரை என்றால் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார மேலாளர், டிரெசர் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளர்.

எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. புத்தகம் சுரண்டல் என்கிறது. அனுபவித்தவர் நல்ல காலம் என்கிறார். பாட்டிக்கு விவரம் போதாது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. யாராவது விளக்க முடியுமா?

வாத்தியார்_கோலகங்சார்

நல்ல கேள்வி, மா. நான் வேலை ஓய்வு பெற்ற ஆசிரியன், உன் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறேன். பாட்டி சொன்னதை அடித்துவிடாதே, அதுவும் சான்றுதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் காரணம்.

புத்தகத்தில் இருக்கும் நான்கு காரணங்களும் சரியானவைதான். தனித்தனியாக எழுதினால்தான் எதுவும் விளங்காமல் போகும். உன் பாட்டி வெட்டிய மரத்திலிருந்து தொடங்கிப் பார்.

அந்த மரம் நம் நாட்டு மரமே இல்லை. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் தப்பஜோஸ் ஆற்றோரக் காட்டில் ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைச் சேர்த்து, லண்டனில் இருக்கும் கியூ அரசுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரப்பர் விதை சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் முளைத்தது 2,700 சொச்சம்தான். பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக்கில் பிரிட்டிஷ் ஆலோசகராக, அதாவது ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, இங்கே கோலகங்சாரில் தன் இருப்பிடத் தோட்டத்தில் நட்டார். அந்தப் பழைய மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் மாணவர்களை அங்கே அழைத்துப் போய் மரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். விதை பிரேசிலுடையது, முளைத்தது லண்டனில், நட்டது மலாய் மண்ணில், வெட்டியது சேலத்துக்காரரும் தஞ்சாவூர்க்காரரும், டயர் ஆனது பர்மிங்காமிலும் அமெரிக்காவிலும், லாபம் போய்ச் சேர்ந்தது லண்டன் பங்குதாரரிடம். பேரரசு என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைக்கு அந்த மரத்தடியில் நின்றுதான் சொல்வேன்.

ஆனால் நட்டவுடன் யாரும் ஓடி வரவில்லை. இருபது வருடம் அந்த மரத்தைச் சீந்த ஆள் இல்லை, தோட்டக்காரர்கள் எல்லாம் காப்பி போட்டார்கள். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் விதையைக் கொடுத்து நடுங்கள் நடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவருக்குப் பைத்தியம் என்றார்கள். அதே 1888இல்தான் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் பெரிய அளவில் ரப்பர் நட்டார். பிரேசில் காப்பி சந்தையில் கொட்டி விலை விழுந்ததும் இங்கே இருந்த வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களும் ரப்பருக்கு மாறினார்கள். 1908இல் போர்டு மாடல் டி கார் வந்தது. 1910இல் ரப்பர் விலை உச்சிக்கு ஏறியது, லண்டனில் ரப்பர் கம்பெனிப் பங்கு வாங்க அடிதடி. அங்கே கையில் காசை வைத்துக்கொண்டு எதில் போடலாம் என்று காத்திருந்த கூட்டம், இங்கே குறைந்த விலைக்குக் கிடைத்த காடு, இரண்டும் சேர்ந்தன. மூலப்பொருள், சந்தை, மூலதனம் என்று மூன்று புள்ளியாக எழுதுகிறாயே, அது உண்மையில் ஒரே கதை.

காடும் காசும் இருந்தால் போதாது, கை வேண்டும். மலாய்க் குடியானவருக்குச் சொந்த வயல் இருந்தது, அவர் கூலிக்கு வரத் தேவையில்லை. சீனர்கள் ஈயச் சுரங்கத்தில் இருந்தார்கள், கூலியும் அதிகம் கேட்டார்கள். தமிழ்நாடு அதே பேரரசுக்குள் இருந்தது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விதை பிரேசிலை விட்டுக் கிளம்பிய அதே 1876தான் நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்கிற பஞ்சம் தொடங்கிய வருடம். மழை பொய்த்தது இயற்கைதான். ஆனால் விளையாத நிலத்துக்கும் வரியைக் காசாகக் கட்டு என்றது அரசு, தானியம் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தது, நிவாரண வேலைக்கு வந்து கல் உடைத்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று பஞ்சத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் உத்தரவு போட்டார். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்று கணக்கு. ரப்பருக்குப் பெருங்கூட்டம் வந்தது அதற்கு முப்பது வருடம் கழித்துத்தான், அதனால் பஞ்சம்தான் நேரடிக் காரணம் என்று எழுதிவிடாதே. ஆனால் நிலம் கைமாறி, கடனில் மூழ்கி, சாதியால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடம் ஆள் சேர்க்கும் கங்காணி வந்து மலாயாவில் தங்கம் காய்க்கிறது என்று சொன்னபோது அவன் ஏன் நம்பினான் என்பதற்குப் பதில் அந்தப் பஞ்சத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் ஒப்பந்தக் கூலி முறை. அது 1910இல் மலாயாவில் ஒழிந்தது. அதற்கு முன்பே கங்காணி முறை தலையெடுத்துவிட்டது, தோட்டமே ஒரு கங்காணியைத் தேர்ந்தெடுத்து அவன் சொந்த ஊருக்கு அனுப்பி உறவுக்காரனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டி வரச் சொல்வது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம், அங்கிருந்து கப்பல், பினாங்கு வந்தால் பூலாவ் ஜெரஜாக் தீவில் ஒதுக்கி வைத்துப் பரிசோதனை, அப்புறம் தோட்டம். கூட்டி வந்த ஆள் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளும் கங்காணிக்குத் தலைக்காசு. அதனால் காய்ச்சல் என்று படுத்தவனை எழுப்பி விரட்டுவதில் கங்காணிக்கே லாபம் இருந்தது.

ஈப்போ_ரயில்

வாத்தியார் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனாலும் இன்னொரு பக்கமும் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக வந்தவர். இங்கிலீஷ் படித்ததால் கிடைத்த வேலை, அந்தச் சம்பளத்தில்தான் அப்பா படித்தார், நான் படித்தேன். ரயில், சடக்கு (சாலை), ஆஸ்பத்திரி, நில அளவை, பதிவு, நீதிமன்றம், இதெல்லாம் அவர்கள் போட்டதுதானே. கிள்ளானில் மல்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901இல் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து மலேரியாவைக் குறைத்தார், எத்தனை தமிழர் உயிர் பிழைத்தது. எல்லாரையும் கொள்ளைக்காரர்கள் என்று ஒரே அடியாக எழுதினால் நியாயமாக இருக்காது. தங்கச்சியின் பாட்டி சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

லயத்து_மகன்

ஈப்போ அண்ணா, உங்கள் தாத்தாவைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை, அந்தச் சம்பளமும் உழைத்துச் சம்பாதித்ததுதான். ஆனால் நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரயில் பற்றி: இந்த நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போட்டது. சுரங்கத்திலிருந்து கடலுக்கு. ஊரையும் ஊரையும் இணைக்கப் போட்டதில்லை, ஈயத்தைக் கப்பலில் ஏற்றப் போட்டது. மக்கள் ஏறிப் போனார்கள், அது நல்லதுதான், ஆனால் யாருக்காகப் போட்டது என்று தண்டவாளம் போகிற திசையைப் பார்த்தாலே தெரியும்.

மலேரியா பற்றி: வாட்சன் நல்ல டாக்டர், அவர் பெயரை நானும் மரியாதையாகத்தான் சொல்வேன். அவர் கண்டுபிடித்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலைப்பக்கத் தோட்டங்களில் காய்ச்சலைப் பரப்பிய கொசு, வெயில் படுகிற ஓடைத் தண்ணீரில்தான் பெருகும். காடு காடாக இருந்தவரை அந்த ஓடை நிழலில் கிடந்தது. ரப்பருக்காகக் காட்டைத் திறந்ததும் வெயில் பட்டது, கொசு வந்தது, வாயும் வயிறுமாக வந்த பெண்கள் முதல் ஆண் பிள்ளைகள் வரை கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நோயைக் கொண்டுவந்த வேலையும் அதைத் தடுத்த வேலையும் ஒரே தோட்டத்தில்தான் நடந்தது. கூலி செத்தால் இன்னொருவனைக் கொண்டுவரச் செலவு ஆகும் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் பல தோட்டங்களில் வாய்க்கால் வெட்டப் பணம் வந்தது.

இப்போது தங்கச்சியின் பாட்டி. என் அம்மாவும் அதையேதான் சொல்வார். வாடகை இல்லாத வீடு, டிரெசர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாய், கோயில், பள்ளிக்கூடம், சாமான் கடை. எல்லாம் இருந்தது உண்மை. ஆனால் எல்லாமே தோட்டத்துக்குள் இருந்தது, எல்லாமே வேலையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வேலை போனால் வீடு போச்சு. வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் போச்சு. துரையோடு முறைத்துக்கொண்டால் ஒரே நாளில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு சடக்குக்கு வர வேண்டும். 1930இல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள், விலை ஏறியதும் மறுபடி ஆள் பிடித்தார்கள். விலை இறங்கினால் திறந்துவிடவும் ஏறினால் நிரப்பவும் நாம் என்ன குழாய்த் தண்ணீரா?

பள்ளிக்கூடமும் அப்படித்தான். 1923 தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். பல இடங்களில் கோயில் பக்கத்திலோ பழைய கொட்டகையிலோ, பாடம் நடத்தியது தோட்டக் குமாஸ்தாவான கிராணியோ படிக்கத் தெரிந்த யாரோ. மூன்றாம் நான்காம் வகுப்போடு முடியும், முடித்ததும் பிள்ளை பால் பிடிக்கும் மங்கு துடைக்கப் போகும். அப்படிப் போன பிள்ளைகளில் என் அம்மாவும் ஒருத்தி. கள்ளுக்கடை மட்டும் தோட்டத்துக்குள்ளேயே, குறை இல்லாமல் நடந்தது. சம்பளம் ஒரு கையில் வாங்கி மறு கையில் அங்கேயே கொடுத்துவிட்டு வந்த ஆண்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போது இருந்தவர்களே நல்லா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று தருகிறேன், இடுபணியில் கட்டாயம் சேர். 1941இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். கேட்டது என்ன தெரியுமா? சீனர்களுக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு, மருத்துவம் கொடு, எங்கள் பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் வாலாட்டக் கூடாது. இதோடு இன்னொன்று: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எடு. கூலிக்குச் சமமாக அதையும் எழுதிக் கேட்டார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்தது, சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். அதே வருடம் டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தபோது பினாங்கிலிருந்து ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் விடப்பட்ட நம் ஆட்களைத்தான் ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் பாதை போட ஓட்டிப்போனான். என் பாட்டனின் அண்ணன் போனவர்தான், திரும்பவில்லை.

சிப்புட்_பேத்தி

லயத்து அண்ணா, படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பாட்டியிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். இதுவரை எல்லாரும் நம்மைப் பற்றித்தான் பேசினோம். என் வகுப்பில் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இடுபணியை வகுப்பில் படைக்கும்போது இது தமிழர் கதை மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. அதை எப்படிக் கொண்டுவருவது?

தைப்பிங்_அக்கா

வா தங்கச்சி, இதைக் கேட்டதே எனக்குச் சந்தோஷம். நான் தைப்பிங்கில் இருக்கிறேன், இந்த ஊரே அந்தக் கதைதான்.

தைப்பிங் இருக்கும் லாரூட்டில் ஈயம் இருந்தது. அதை வெட்ட வந்த சீனர்கள் கீ ஹின், ஹாய் சான் என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்து வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். பேராக் அரியணைக்கும் போட்டி. சண்டையில் வியாபாரம் படுத்தது, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் என்ற பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் வணிகர்கள் அரசாங்கத்தைத் தலையிடச் சொல்லி நச்சரித்தார்கள். அதுவரை மலாய் மாநிலங்களில் தலையிட மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 1874 ஜனவரியில் பங்கோரில் ஒப்பந்தம் போட்டார்கள். ராஜா அப்துல்லாவை சுல்தானாக ஏற்றுக்கொள்கிறோம், பதிலுக்கு ஒரு ரெசிடெண்டை வைத்துக்கொள், மதமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நட. ஆலோசனை என்று பெயர், கேட்டே ஆக வேண்டும் என்றால் அது எப்படி ஆலோசனை? முதல் ரெசிடெண்ட் பெர்ச் வந்து வரி வசூலைத் தன் கைக்கு எடுத்தார், தலைவர்களின் வருமானம் போனது, 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் அவரைக் கொன்றார்கள். அதை முன்னின்று நடத்திய மகாராஜா லேலாவைத் தூக்கில் போட்டார்கள், சுல்தான் அப்துல்லாவை இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். இதை உன் மலாய்த் தோழி உன்னைவிட நன்றாகச் சொல்லுவாள், அவளையே அந்தப் பகுதியைச் சொல்லச் சொல்.

நம் பாட்டன் கப்பலேறுவதற்கு முன்பே இந்த மண்ணின் சொந்தக்காரன் கையிலிருந்து ஆட்சி போய்விட்டது. நாம் வந்து அவனுடையதைப் பிடுங்கவில்லை, பிடுங்கியவன்தான் நம்மையும் கொண்டுவந்தான். இதை நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

அப்புறம் பிரித்து வைத்தது. மலாய்க்காரர் வயலில், சீனர் சுரங்கத்திலும் கடையிலும், தமிழர் தோட்டத்தில். 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. நிலம் வெளியாள் கைக்குப் போகாமல் காப்பாற்றியது என்பது உண்மை, ஆனால் நெல்லும் கிராமமுமே உனக்கு என்று ஆக்கியதும் அதே கொள்கைதான். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, ஒருவர் கூலி ஒருவருக்குத் தெரியாது. கிள்ளானில் தமிழர்கள் சீனர் கூலியைக் கேட்டார்கள் என்று தம்பி சொன்னதில் எனக்குப் பிடித்ததே அதுதான், பக்கத்து வேலிக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டார்கள். இன்றைக்குத் தேர்தல் வந்தால் அவன் இவன் என்று பேசுகிறோமே, அந்த வேலி அப்போது போட்டதுதான்.

வாத்தியார்_கோலகங்சார்

தைப்பிங் அக்கா சொன்னதற்கு மேல் அந்தப் பகுதியில் சேர்க்க ஒன்றும் இல்லை. இரண்டே விஷயம்.

ஒன்று, ரப்பரைப் பற்றி எழுதும்போது காங்கோவையும் பக்கத்தில் வை. 1884, 85இல் பெர்லினில் ஐரோப்பிய நாடுகள் கூடி ஆப்பிரிக்காவை யார் யார் எப்படிப் பிடிப்பது என்று விதிமுறை வகுத்துக்கொண்ட காலத்தில், பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்குக் காங்கோ அவருடைய தனிச்சொத்து மாதிரி ஆனது. அங்கேயும் டயருக்குத்தான் ரப்பர், ஆனால் நட்டு வளர்த்த மரமில்லை, காட்டுக் கொடி. கிராமத்துக்கு இவ்வளவு எடை என்று விதித்து, கொண்டுவராவிட்டால் பெண்களைப் பிணையாகப் பிடித்து வைப்பது, சவுக்கால் அடிப்பது, கையை வெட்டுவது. பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மெண்ட் 1904இல் அறிக்கை எழுதி, உலகம் காறித் துப்பி, 1908இல்தான் காங்கோ மன்னர் கையிலிருந்து பெல்ஜிய அரசுக்கு மாறியது. நம் தோட்டம் காங்கோ இல்லை. அப்படி எழுதினால் தவறு. ஆனால் சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும் என்று அதே சந்தைதான் இரண்டு இடத்திலும் கேட்டது. காங்கோவில் துப்பாக்கி முனையில் எடுத்ததை இங்கே வேலை நாள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தை வைத்து எடுத்தார்கள்.

இரண்டு, பாட்டி "அதுக்கப்புறந்தான் எல்லாம் போச்சு" என்றாரே, அந்த அப்புறம்தான் நீ எழுத வேண்டிய விளைவு. 1957இல் சுதந்திரம் வந்ததும் தோட்டங்கள் அப்படியே நம் கைக்கு வந்துவிடவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டான தோட்டத்தில் டிரெசர் இல்லை, பள்ளி இல்லை, வேலை இல்லை. அதைப் பார்த்துத்தான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (டாலர்) போட்டுத் தோட்டத்தைத் தாங்களே வாங்கலாம் என்றார். உங்கள் சுங்கை சிப்புட் தொகுதிக்காரர்தான் அவர். கத்தி பிடித்த கை பங்குப் பத்திரம் பிடித்தது, எனக்கு அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறையும். பெரிய கம்பெனிகள் அதற்கும் இருபது வருடம் கழித்துத்தான் மாறின. 1981 செப்டம்பரில் ஒரே காலைப்பொழுதில் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியின் பங்குகளை மலேசியா வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. முதலாளி மாறினார். லயத்தில் இருந்தவனுக்கு மட்டும் வீடு அவன் பெயரில் இல்லை, நிலம் அவன் பெயரில் இல்லை, பலருக்குப் பிறப்புப் பத்திரம்கூட இல்லை. அப்புறம் கித்தா என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. அதனால்தான் பாட்டிக்குத் துரை காலம் நல்ல காலமாகத் தெரிகிறது, மா. அவர் பார்த்த இரண்டில் அது மேல். இப்படி ஒருவர் மூன்று தலைமுறை உழைத்தும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும்படி அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யார் என்று கேட்டால் துரை காலத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

ஈப்போ_ரயில்

சரி ஐயா, வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது என்பதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. என் தாத்தாவுக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ்தான், ஆனால் அவருக்கு ஓய்வூதியம் இருந்தது, அதில் ஈப்போவில் ஒரு வீடு வாங்கினார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது போல.

சிப்புட்_பேத்தி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். இடுபணியைக் கோலகங்சார் மரத்திலிருந்து தொடங்கி மறுபடி எழுதிவிட்டேன். பங்கோர் பகுதியை என் தோழி சொல்ல ஒப்புக்கொண்டாள்.

பாட்டியிடம் சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். முதலில் அப்படி எல்லாம் ஒன்றும் இல்லை என்றார். அவருக்கு இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசிதான் (அடையாள அட்டை), இங்கேயே தோட்டத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதிய யாரும் இல்லை. அதை எடுத்து வைத்துத் துடைத்துக்கொண்டே வேறு ஏதேதோ பேசினார். அப்புறம் அவராகவே சொன்னார்.

அவர் அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்ததாம், பழையது, தோட்டத்தில் வைத்திருந்த மூன்று நான்கு பேரில் அவர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போகும்போது பாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்வார். ஐந்து ஆறு வயது இருக்கும். துரை பங்களா வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா இறங்கிவிடுவார், பாட்டியையும் இறக்கிவிடுவார், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார். பங்களாவில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டாராம். வேலி முடிந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்வார்.

"அந்த எடம் மேடுன்னு நெனச்சேன்" என்றார் பாட்டி. "அப்பாவுக்கு மிதிக்க முடியல, அதான் எறங்குறாருன்னு."

நேற்று அப்பா காரில் எங்களை அந்தப் பக்கம் கூட்டிப்போனார். பங்களா இல்லை, வேலி இல்லை, இரண்டு பக்கமும் செம்பனை. பாட்டி இடத்தைச் சரியாகக் காட்டினார், காரை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சடக்கின் நடுவில் நின்று முன்னாலும் பின்னாலும் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை சமதரை.